பச்சைத் தண்ணிக்காரர்

கீழடியில் குழி வெட்டுகிறவர்கள் என்றாவது ஆரம்பாக்கம் பக்கம் வந்தால் இவர் வீட்டுக் கொல்லையையும் ஒரு கை பார்க்கலாம். அடுக்கடுக்காகக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஈமு கோழிக்குப் போட்ட கம்பி வேலி. 2012-இல் தமிழ்நாடு முழுக்க ஈமு வியாபாரம் குப்புற விழுந்ததே, அந்தக் காலத்து மிச்சம். அதற்கு மேல் காடைக் கூண்டு. அப்புறம் சிப்பிக் காளானுக்கு வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகள், அசோலாவுக்கு விரித்த நீலத் தார்ப்பாய், நண்டு கொழுக்க வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள். நண்டு கொழுத்தது உண்மைதான். ஓடு கழற்றிவிட்டு மெத்தென்று கிடந்த பக்கத்து நண்டைத் தின்று கொழுத்தது. இப்போது மேல்மட்டத்தில், வெயில் படுகிற மாதிரி வரிசையாக நிற்பவை இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள். உள்ளே பச்சையாக ஏதோ கொப்பளித்துக்கொண்டிருக்கிறது.

"இன்னாண்ணா இது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாயங்காலம் சென்னைக்குத் திரும்பும் சூளூர்பேட்டை லோக்கலைத் தவறவிடுவீர்கள்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இப்படி ஒருவர் இல்லாத ஊரைக் காண்பது கஷ்டம். வயது நாற்பத்தைந்துக்கு மேல். அண்ணன் தம்பிகள் ஏரிக்கும் கடலுக்கும் போகிறார்கள். இவருக்குப் படகில் ஏறினால் தலை சுற்றும், கரையில் நின்றால் யோசனை சுற்றும். பெரும்பாலும் ஏதாவதொரு இறால் பண்ணையில் சில வருஷம் வேலை பார்த்திருப்பார். வெள்ளைப் புள்ளி நோய் வந்து பண்ணை படுத்திருக்கும். முதலாளி ஊரைப் பார்க்கப் போயிருப்பார். இவரிடம் மிஞ்சியது அங்கே கற்ற ஒரே பழக்கம்: எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் கலர் பார்ப்பது. இறால் வளர்ப்பவர்களுக்குக் குளத்தில் கலர் பிடிப்பதுதான் முதல் கவலை. தண்ணீர் இளம்பச்சையோ இளம்பழுப்போ ஆக வேண்டும். அந்தக் கலர் என்பது கண்ணுக்குத் தெரியாத பாசி. பொரிப்பகத்தில் இறால் குஞ்சுக்கு முதல் சாப்பாடே கீட்டோசெராஸ் மாதிரியான நுண்பாசிதான். குடுவையில் தொடங்கி, கேனுக்கு மாற்றி, கேனிலிருந்து தொட்டிக்கு மாற்றி, காற்று விட்டு வளர்ப்பார்கள். ஆகவே, வீட்டிலேயே குறைந்த செலவில் பாசி வளர்க்கும் 'போட்டோ பயோரியாக்டர்' என்று யூடியூபில் எவரோ ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு காட்டியபோது, இவர் உடம்பு புல்லரித்தது நியாயமே. கலர் பிடிக்கத் தெரிந்த கை அது.

கருவியின் தத்துவம் கையளவுதான். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், காற்றிலுள்ள கார்பன் வேண்டும், கொஞ்சம் உரம் வேண்டும், ஒரே இடத்தில் தேங்காமல் கலங்கிக்கொண்டிருக்க வேண்டும். வெளிச்சம் புகும் மூடிய பாத்திரம் ஒன்றில் இந்த நான்கையும் சேர்த்தால் கருவி தயார். பாத்திரம், தண்ணீர்க் கேன். காற்றுக்குக் கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய ஏர் பம்ப். குழாய்க்கு மருந்துக்கடை சலைன் டியூப். இரவு வெளிச்சத்துக்குத் திருவிழாவில் மிஞ்சிய எல்.இ.டி. சரம், அதனால் இவர் கொல்லைப்புறத்தில் பாசிக்கும் அம்மனுக்கும் ஒரே அலங்காரம்.

பாசியின் பெயர் சுருள்பாசி. கடைப் பெட்டியில் ஸ்பைருலினா. செல்போன் கேமராவில் ஒட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்தால் மெத்தை ஸ்பிரிங்கைப் பிய்த்துப் போட்ட மாதிரி தெரியும். அவர் கட்டாயம் காட்டுவார். சோம்பேறிகளுக்கென்றே படைத்த பாசி இது. காரத்தன்மை, அதாவது பி.எச். அளவு, 10 வரை ஏறிய தண்ணீரிலும் சுகமாக வாழும். அந்தக் காரத்தில் மற்ற கிருமிகளில் பாதி கிட்டே வராது. காரத்துக்குச் சோடா உப்பு. ஜாரூக் என்கிற ஆய்வாளர் 1966-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆய்வேட்டில் கொடுத்த பக்குவத்தைத்தான் உலகம் முழுக்க இன்னும் பின்பற்றுகிறார்கள். அதன்படி லிட்டருக்கு 16.8 கிராம் சோடா உப்பு. ஒரு கேனுக்கு 336 கிராம் ஆகிறது. மளிகைக்கடைக்காரர் முதல் மாதம், "அண்ணி ஆப்பக் கடை போட்டிருக்காங்களா?" என்று விசாரித்தார். இரண்டாம் மாதம், வயிறு சரியில்லையா என்று விசாரித்தார். மூன்றாம் மாதம் விசாரிப்பதை விட்டுவிட்டு மூட்டையாக வரவழைத்துக் கொடுத்தார்.

பாசிக்கு இரும்புச்சத்தும் கொஞ்சம் வேண்டும். பழைய படகுப் பலகையிலிருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு அந்தச் சாற்றை விடுவார். இது கேலிக்குரிய விஷயம் அல்ல. சிறு பண்ணைக் கையேடுகளிலேயே உள்ள வழி. ஆனால் ஊறுகாய் என்று நினைத்து விரலை விட்ட மச்சானுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

தண்ணீரில்தான் முதல் சறுக்கல். ஏரி பக்கத்தில் இருக்க, கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து சோடா உப்பைக் கொட்டினார். தண்ணீர் பால் ஆகிவிட்டது. கடல் கலந்த தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் காரத்தில் சுண்ணாம்பாகப் பிரிந்து வெள்ளையடித்துவிடும். இவரோ அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பால் பண்ணைக் கனவில் இருந்தார் என்பது வீட்டம்மாவின் வாக்குமூலம்.

அதன்பிறகு கேன் தண்ணீர்தான். அங்கே வேறு சிக்கல். காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுக் கேன் வரும் என்பது தமிழ்நாட்டின் எழுதாத சட்டம். இவர் வீட்டுக்கு வந்த கேன் எதுவும் திரும்பவில்லை. தண்ணி போடும் பையன் வாசலில் நின்று, "அங்கிள், ஓனர் திட்றாரு, ஒரு கேனாவது குடுங்க" என்பான். "அதுல உயிர் இருக்குப்பா" என்பார் இவர். பக்கத்து வீட்டு ஆயா நடுவில் வந்து, "ரியாக்டருன்றியே நைனா, கூடங்குளத்துல கீதே, அதுவா? வெடிக்குமா?" என்று கேட்பாள். வெடிக்காது ஆயா என்று சொல்லிப் பார்த்தார். பேரனை மட்டும் அந்தப் பக்கம் விளையாட விடுவதில்லை அவள்.

வெடிக்காது, நாறும். அது வேறு கதை. கேனில் பாசி அடர அடர வெளிச்சம் சில விரற்கடைக்கு மேல் உள்ளே போகாது. வெளிச்சுவர் ஓரம் பட்டப்பகல், நடுக்கேன் அமாவாசை. அதற்காகத்தான் பெரிய நிறுவனங்கள் ஒல்லிக் கண்ணாடிக் குழாய்களை வளைத்து வளைத்து வைக்கிறார்கள். இவரும் ஒளி புகும் டியூப் வாங்கி முருங்கை மரத்தைச் சுற்றினார். வெளிச்சம் கிடைத்தது, கூடவே சித்திரை வெயிலும் கிடைத்தது. சுருள்பாசிக்கு 35 டிகிரி வரை கொண்டாட்டம். 40-ஐத் தாண்டினால் திண்டாட்டம். மூடிய டியூப் வெயிலில் எவ்வளவு ஏறும் என்று கத்திரி வெயில் சொல்லிக்கொடுத்தது. ஈரக் கோணியைச் சுற்றினால் இருட்டு, எடுத்தால் வேக்காடு. ஒருநாள் மத்தியானம் மின்சாரமும் போனது, பம்ப் நின்றது, பச்சை மேலே ஆடையாகத் திரண்டது. மறுநாள் தண்ணீர் நீலம். செத்த பாசியிலிருந்து ஃபைகோசயனின் என்கிற நீலச் சாயம் கசியும். அது கண்ணுக்கு அழகு. மூக்கு விஷயம் அப்படி அல்ல. தெரு நெடுக கருவாடு காயும் ஊர் அது. அந்த ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து புகார் சொன்னது என்றால், இவருடைய சாதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

இவரிடம் எப்போதும் சட்டைப்பையில் பி.எச். தாள் இருக்கும். முதலில் கேனில் முக்கிப் பார்த்தார். பிறகு மோரில், புளிக்குழம்பில், கோயில் தீர்த்தத்தில். கல்யாண வீட்டில் ரசத்தில் தாளை முக்கிவிட்டு, "நாலுக்குக் கீழ இருக்கு, ஜாக்கிரதை" என்றார். சமையல்காரர் கரண்டியுடன் வந்ததைச் சம்பந்தி வீட்டார் தடுத்தார்கள்.

கணக்கில் புலி. ஆனால் இவருடைய நோட்டில் பெருக்கல் மட்டும்தான் உண்டு, வகுத்தல் கிடையாது. ஒரு கேன், நூறு கேன், ஆயிரம் கேன், ஏற்றுமதி. 'ஒரு கிலோ சுருள்பாசி ஆயிரம் கிலோ காய்கறிக்குச் சமம்' என்று துண்டறிக்கைகளில் ஓடுகிற வாசகம் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கும். யார் எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. நாம் வகுத்துப் பார்ப்போம். நன்றாக வளர்ந்த பாசியிலும் லிட்டருக்கு உலர் எடை ஏறக்குறைய 1 கிராம்தான் தேறும். ஒரு கேனை மொத்தமாக வடித்தாலும் 20 கிராம். அதில் புரதம் அறுபது சதவீதம் என்று தாராளமாக வைத்தால் 12 கிராம். அதாவது இரண்டு முட்டை. கோழி இதை ஏர் பம்ப் இல்லாமல் செய்கிறது.

உலகத்தின் சூட்டைக் குறைக்கிறேன் என்பது இவருடைய இன்னொரு பெருமை. 1 கிராம் பாசி வளர ஏறக்குறைய 1.8 கிராம் கரியமில வாயுவை இழுக்கும்; அது சரி. ஒரு மனிதர் ஒரு நாளில் மூச்சாக விடுவதோ ஒரு கிலோ அளவுக்கு. திறந்த தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்குத் தினம் 9 கிராம் எடுத்தாலே நல்ல பண்ணையாள். அந்தக் கணக்கில் ஒரே ஒருவர் மூச்சை வாங்கிக்கொள்ள ஒன்றரை சென்ட் குளம் வேண்டும். இவர் பேசும்போது விடுகிற மூச்சுக்கு இன்னும் அரை சென்ட் சேர்த்துக்கொள்ளலாம். பம்புக்கு வருகிற மின்சாரத்தில் எண்ணூர்ப் பக்கம் எரிகிற நிலக்கரிக்கும் பங்கு உண்டு. அதை நோட்டில் எழுத இடம் இல்லையாம்.

சிரித்தது போதும். விஷயம் என்னவென்றால், பாசி படிப்பில் சென்னைக்கு ஒரு பெரிய பரம்பரை உண்டு. எம்.ஓ.பி. ஐயங்கார் இந்தியப் பாசியியலின் தந்தை என்று பெயர் வாங்கியது இங்கேதான். அந்தப் பரம்பரையில் வந்த டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-இல் வெளியிட்ட பெரிய புத்தகம் உலகம் முழுக்கப் பாசி ஆய்வாளர்களின் மேசைக்குப் போனது. அதற்குப் பின் வந்தவர் சி.வி. சேஷாத்ரி. ஐ.ஐ.டி. கான்பூரில் வேதிப்பொறியியல் பேராசிரியராக இருந்து, சென்னைத் தரமணியில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்த வந்தவர். எண்பதுகளில் அந்த மையம் சுருள்பாசியைக் கிராமத்துப் பெண்கள் கையில் கொடுக்கப் பார்த்தது. அவர்கள் கொடுத்த கருவி எது தெரியுமா? மண்பானை. தண்ணீர், சாண எரிவாயுக் கசடு, உப்பு, சோடா உப்பு, கொஞ்சம் தாய்ப்பாசி. வெயிலில் வை, நாளுக்கு நாலு தடவை கிளறு, கரும்பச்சை ஆனதும் துணியில் வடி. முடிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மையத்தின் திட்டத்தில் 5000 சிறு குழந்தைகளுக்குத் தினம் 1 கிராம் சுருள்பாசி கொடுத்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் விழும் வெண்திட்டுகள் நன்றாகக் குறைந்ததாக அறிக்கை வந்தது. கிலோ அல்ல, கிராம். இந்தப் பாசியின் சாமர்த்தியமே அந்த ஒரு கிராமில்தான் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் வளர்க்க வேண்டுமென்றால் அதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணை இருக்கிறது. சிறிதாகச் செய்ய மதுரையிலும் ஆரோவில்லிலும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மவரின் ஒரு கேன், வடித்த அளவுக்குப் பழையபடி வளர விட்டால், இரண்டு மூன்று குழந்தைகளுக்குத் தினம் ஒரு கிராம் தரக்கூடும். ஏற்றுமதிக் கனவில் தோற்கிற கேன், வீட்டு அளவில் தேறுகிறது. இதைச் சொன்னால் முகம் சுண்டிவிடும்.

"பானையா? அதெல்லாம் பழைய டெக்னாலஜிங்க" என்பார். டியூப் இல்லாத, பம்ப் இல்லாத, குமிழி வராத ஒன்றை எப்படி விருந்தாளிக்குக் காட்டுவது? இந்த வகை மனிதருக்கு உள்ள ஒரே நிஜக் குறை இதுதான் என்பது என் கட்சி. வேலை செய்கிற பொருளைவிட வேலை செய்வதாகத் தெரிகிற பொருள்மேல்தான் இவருக்குப் பாசம்.

கண்ணெதிரே ஏரி கிடக்கிறது. சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வெளிச்சம் சும்மா, கலக்கக் காற்றும் முகத்துவாரத்து ஓதமும் சும்மா, உரம் ஆறு கொண்டுவருகிறது. விளைந்த பாசியை மடவை மேய்கிறது, இறால் மேய்கிறது. பூநாரை நீரில் தலைகீழாக அலகைக் கவிழ்த்து வடிகட்டுகிறது. அதன் உடம்பு ரோஜா நிறமானதே சாப்பாட்டில் வரும் நிறமிகளால்தான். பழவேற்காட்டுக்குப் பெரும்பாலும் வருவது பெரிய பூநாரை. ஆப்பிரிக்காவில் அதன் சின்னத் தங்கைக்குச் சுருள்பாசியே சோறு. அங்கேயே சாட் ஏரிக்கரையில் கனெம்பு இனப் பெண்கள் ஏரியிலிருந்து இந்தப் பாசியை அள்ளி, மணல் குழியில் நீரை வடியவிட்டு, அடையாகக் காயவைத்துக் குழம்பில் போடுகிறார்கள். அவர்களிடம் ஏர் பம்ப் கிடையாது.

அதற்காகப் பழவேற்காட்டு ஏரியில் பச்சையாகக் கண்டதை அள்ளிக் குழம்பு வைத்துவிடாதீர்கள். நீலப்பச்சைப் பாசிகளில் நஞ்சுள்ளவையும் உண்டு. தாய்ப்பாசியை நம்பகமான இடத்தில் வாங்க வேண்டும், லென்ஸில் சுருள் தெரிகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். இதில் மட்டும் நம்மவர் கண்டிப்பானவர். ஏர் டியூபை வெந்நீரில் போடாமல் தொடவிடமாட்டார். கை கழுவாமல் கிட்டே போனால் மாமனார் என்றும் பார்க்கமாட்டார்.

2025 ஜூன் மாதம் இவர் வாழ்வில் பொற்காலம். சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது நுண்பாசியையும் கொண்டுபோய் ஆராய்ந்தார். செய்தித்தாளில் அந்தப் பகுதியை வெட்டி லேமினேட் செய்து முருங்கை மரத்தில் மாட்டிவிட்டார் இவர். ஏரிக்கு அக்கரை ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் இந்தக் கரையிலிருந்து தெரியும். அன்றைக்குக் கேன்களுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்பார். தம்பி வலையைப் பிரித்துக்கொண்டே, "அண்ணே, நாளைக்கு நம்ம பாடு. ஒரு கை வந்து புடி" என்பான். ஏரியில் வலை போடும் முறையான அந்தப் பாடு மறுபடி சுற்றி வர எத்தனை நாள் ஆகும் என்று இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாசி அன்றைக்குத்தான் கிளறக் கேட்கும்.

வீட்டம்மாவின் வாதம் வேறு. "தெனம் ஒரு கூடை மீனு இந்த வாசப்படி ஏறுது. இதுல இல்லாத சத்து இன்னா அதுல கீது?" நியாயமான கேள்வி. அவருக்கும் பதில் உண்டு. அபூர்வமாக நல்ல பதில். "கூடை ஏறுது, சரி. இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில ஏறிப் போயிடுது. நம்ம சட்டியில விழுறது காரப்பொடிதானே?" அதற்கு அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. காரப்பொடி மீனில் இல்லாத சத்தா என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஊர் இவரைக் கேலி செய்யும், ஆனால் கைவிடாது. விடியற்காலையில் பக்கத்துக் குட்டை இறால் மேலே வந்து வாயைப் பிளந்தால் முதலில் தட்டுவது இவர் கதவைத்தான். ராத்திரியில் பாசியும் மூச்சு வாங்கும், ஆக்சிஜன் விடியலில்தான் அடிமட்டத்துக்குப் போகும், ஏரேட்டரை ராத்திரி மூன்று மணிக்கே போடு என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்வார். சொன்னது சரியாக இருக்கும். காசு வாங்கமாட்டார். பதிலுக்கு அவர்கள் ஒரு மணி நேரம் நின்று கேனைப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் கேன்கார ஓனரே நேரில் வந்து சத்தம் போட்ட அன்று, வீட்டம்மா ஒரு கேனைக் காலி செய்து கொடுத்துவிட்டார். உள்ளே இருந்ததைக் கீழே ஊற்ற மனம் வரவில்லை. பொங்கலுக்கு வாங்கிய மண்பானை சும்மா இருந்தது. அதில் ஊற்றி, முருங்கை நிழல் பாதியும் வெயில் பாதியுமாக வைத்தார். போகும்போது வரும்போது அகப்பையால் ஒரு கிளறு. பானை வியர்த்துத் தன்னைத்தானே குளிர்த்திக்கொண்டது. வெளிப்புறம் முழுக்க உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தாலும் உள்ளே கரும்பச்சை. கத்திரியில் டியூப் மூன்று முறை செத்தது, பானை சாகவில்லை. வாரம் இரண்டு முறை பழைய வேட்டியில் வடித்து, அலசி, பிழிந்து, இடியாப்ப உரலில் போட்டுத் தட்டில் பிழிந்து காயவைக்கிறார் அந்தம்மா. பேத்திக்குத் தினம் மோரில் ஒரு சிட்டிகை. குழந்தை அதை விரும்பிக் குடிப்பது சத்துக்காக அல்ல. குடித்தால் நாக்கு பச்சையாகிறது, பள்ளிக்கூடத்தில் நீட்டிக் காட்டலாம்.

போன மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் கேன்களையெல்லாம் மரியாதையாகப் பார்த்து முடித்துவிட்டு, மூலையில் இருந்த பானையைக் காட்டி, "அது இன்னாங்க?" என்றார்.

"அது சும்மா, கன்ட்ரோல்" என்றார் நம்மவர். "ரியாக்டர் எவ்ளோ தேவலைன்னு ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

"எது தேவலைங்க?"

அவர் கேன் ஒன்றைத் தட்டி, குமிழி ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார்.

"டேட்டா இன்னும் பத்தலைங்க."